உரிமமும் உரிமையும்: அமெரிக்காவில் ஓட்டுநர் உரிம விசாரணையின் வரலாறு

தமிழில் 'உரிமம்' என்ற சொல் 'உரிமை' என்பதோடு ஒரே வேரில் கிளைத்தது. அமெரிக்கச் சட்டம் அதே பொருளுக்குப் பயன்படுத்தும் 'லைசென்ஸ்' என்ற லத்தீன் வழிச் சொல்லோ அனுமதி என்பதை மட்டுமே குறிக்கிறது. கொடுத்தவர் விரும்பினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வாகனம் ஓட்டும் அனுமதியை அரசு ஒருவரிடமிருந்து பறிக்க முற்படும்போது, அவர் அதை எதிர்த்து வாதாடும் நிர்வாக விசாரணை அமெரிக்காவில் உருவான வரலாறு, இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையே நடந்த நீண்ட இழுபறியின் வரலாறாகும். அந்த இழுபறியில் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எதிர்கொண்ட கேள்விகள் இரண்டு: உரிமத்தைப் பறிப்பதற்கு முன்பு ஓட்டுநரைக் கேட்க வேண்டுமா, பறித்த பின்பு கேட்டால் போதுமா என்பது முதலாவது, கேட்பவர் யாராக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு 1970களில் ஒருவகை விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

நிர்வாக விசாரணை என்பது நீதிமன்றத்தில் நடப்பதன்று. உரிமம் வழங்கும் துறையே தன் அலுவலர் ஒருவரை அமர்த்தி, தான் எடுத்த நடவடிக்கை சரிதானா என்று ஆராயும் ஏற்பாடு அது. குற்றவியல் வழக்கில் சிறையும் அபராதமும் தீர்மானிக்கப்படுகின்றன; நிர்வாக விசாரணையில் உரிமம் நீடிக்குமா, தற்காலிகமாக ரத்தாகுமா என்பது மட்டுமே தீர்மானிக்கப்படுகிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 19ஆம் பிரிவு, உரிமம் வழங்கும் அதிகாரி ஒருவரைத் தகுதி நீக்கம் செய்வதற்கு முன் அவர் தரப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் விதிக்கிறது. அமெரிக்காவிலோ இத்தகைய வாய்ப்பு பல மாநிலங்களின் தொடக்ககாலச் சட்டங்களில் இல்லை. ஒவ்வொரு வழக்காக அது வென்றெடுக்கப்பட்டது.

வாகனம் ஓட்ட உரிமம் தேவை என்று முதலில் சட்டம் இயற்றிய மாநிலங்கள் மாசசூசெட்ஸும் மிசௌரியும், ஆண்டு 1903. உரிமம் கேட்டவர்களுக்கு ஓட்டும் திறன் இருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை. 1908இல் ரோட் ஐலண்ட் மாநிலம்தான் தேர்வை முதலில் கொண்டுவந்தது. உரிமம் வழங்கும் ஏற்பாடே மெதுவாகத்தான் பரவியது. 1930இல் கூட 24 மாநிலங்கள் மட்டுமே உரிமத்தைக் கட்டாயமாக்கியிருந்தன, தெற்கு டகோட்டா 1954இல்தான் உரிமம் வழங்கத் தொடங்கியது. உரிமம் என்பது கட்டணம் கட்டி வாங்கும் ஒரு பதிவுச் சீட்டாகவே பல இடங்களில் இருந்ததால், அதை யார், எந்தக் காரணத்துக்காக, எந்த முறையில் திரும்பப் பெறலாம் என்பதைப் பற்றி ஆழமாகச் சிந்திக்க வேண்டிய தேவை தொடக்கத்தில் எழவில்லை.

தேவை எழுந்தபோது நீதிமன்றங்களின் கையில் ஆயத்தமாக இருந்த கோட்பாடு, உரிமைக்கும் சலுகைக்கும் இடையிலான பாகுபாடு. அரசு மனமுவந்து தருவது சலுகை, அதைத் திரும்பப் பெறுவதற்கு விளக்கம் சொல்லவேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்பதே இந்தப் பாகுபாட்டின் சாரம். இதற்கு மிகப் புகழ்பெற்ற வடிவம் கொடுத்தவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அவர் மாசசூசெட்ஸ் மாநில உயர் அமர்வில் இருந்தபோது, 1892இல், அரசியல் நடவடிக்கைக்காக வேலையிழந்த நியூ பெட்ஃபோர்டு நகரப் போலீஸ்காரர் ஒருவரின் வழக்கு வந்தது. அரசியல் பேசுவதற்கு அவருக்கு உரிமை உண்டு, போலீஸ்காரராக இருப்பதற்கு உரிமை கிடையாது என்ற கருத்தில் அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. போலீஸ் வேலைக்குச் சொன்னதையே ஓட்டுநர் உரிமத்துக்கும் பொருத்திப் பார்ப்பது பிற்காலத்தவர்க்கு எளிதாக இருந்தது.

எல்லா நீதிமன்றங்களும் இந்த வழியில் சென்றுவிட்டன என்று கூற முடியாது. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில், ஓட்டத் தகுதியற்றவர் என்று தாம் கருதுபவரின் அனுமதிச் சீட்டை ரத்து செய்யும் அதிகாரம் போலீஸ் தலைவருக்குத் தரப்பட்டிருந்தது. 1930இல் அந்த மாநிலத்தின் மேல் நீதிமன்றம், தாம்சன் எதிர் ஸ்மித் என்ற வழக்கில், தகுதியின்மையை அளக்க எந்த அளவுகோலையும் வகுக்காமல் ஒரு மனிதரின் கருத்திடம் விட்டுவிடும் அந்த அதிகாரம் செல்லாது என்று கூறியது. அதே தீர்ப்பு, பொதுச் சாலையில் வாகனம் ஓட்டுவதை ஒழுங்குபடுத்தவும் அதற்கு அனுமதிச் சீட்டு கோரவும் அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. உரிமமே தேவையில்லை என்று வாதிடுவோர் இந்தத் தீர்ப்பின் ஒரு பாதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டி வருவதால், அதன் உண்மையான சிறப்பு மறைந்து போயிற்று. தன்விருப்பத்தின்படி செயல்படும் அதிகாரத்தைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர முயன்றதே அந்தச் சிறப்பு.

1920களில் இரண்டு புதிய கருத்துகள் சாலைச் சட்டத்துக்குள் நுழைந்தன. பின்னாளைய விசாரணை அறையில் நடப்பவற்றில் பெரும்பகுதி அவற்றிலிருந்து முளைத்தது. முதலாவது உட்கிடையான சம்மதம். ஒருவர் வாய்விட்டோ எழுத்திலோ சம்மதிக்காவிட்டாலும், சாலையைப் பயன்படுத்தியதன் மூலமே சில கடப்பாடுகளுக்கு அவர் சம்மதித்துவிட்டதாகக் கொள்வது இதன் பொருள். மாசசூசெட்ஸ் சாலையில் விபத்து ஏற்படுத்திய வெளிமாநிலத்தவர், தம் மீதான வழக்கின் அறிவிப்பை அந்த மாநிலத்தின் வாகனப் பதிவாளர் தம் சார்பில் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தவராவார் என்ற விதியை, 1927இல் ஹெஸ் எதிர் பவ்லோஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரண்டாவது கருத்து நிதிப் பொறுப்பு. காப்பீடு இல்லாமல் விபத்தில் சிக்கியவர் இழப்பீடு கொடுக்க வல்லவர் என்று மெய்ப்பிக்காவிட்டால், அவரது வாகனம் ஓட்டும் அனுமதியின் மீது கைவைக்கலாம் என்ற எண்ணத்தை 1925இல் கனெக்டிகட் மாநிலம் சட்டமாக்க, பிற மாநிலங்களும் பின்பற்றின. நீதிமன்றம் விதித்த இழப்பீட்டைச் செலுத்தாதவரின் உரிமத்தை முடக்கும் நியூ யார்க் மாநிலச் சட்டத்தை 1941இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சாலைப் பாதுகாப்புக்காகத் தோன்றிய உரிமம் கடன் வசூலுக்கும் கருவியாக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

குடித்துவிட்டு ஓட்டுவோரைப் பிடிக்கும் தொழில்நுட்பம் வேறொரு பாதையில் வளர்ந்தது. இண்டியானா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் ரோலா ஹார்கர், பலூனில் ஊதப்பட்ட மூச்சை வேதிக் கரைசலின் வழியே செலுத்தி நிறமாற்றத்தால் ஆல்கஹாலை மதிப்பிடும் 'டிரங்கோமீட்டர்' என்னும் கருவியை 1930களில் உருவாக்கினார். இரத்தத்தில் 0.15 சதவீத ஆல்கஹால் இருந்தால் போதையில் இருப்பதாகக் கொள்ளும் சட்டத்தை 1939இல் இண்டியானா இயற்றியது. 1954இல் ராபர்ட் போர்கன்ஸ்டைன், எடுத்துச் செல்லவும் இயக்கவும் எளிதான 'பிரீத்தலைசர்' கருவியைக் கண்டுபிடித்தார். கருவி வந்த பின்னும் ஒரு சிக்கல் தீரவில்லை: ஊத மறுப்பவரை என்ன செய்வது? உடலை வற்புறுத்தி மூச்சை எடுக்க இயலாது. விடை, 1920களின் உட்கிடையான சம்மதத்தில் கிடைத்தது. 1953இல் நியூ யார்க் மாநிலம், தன் சாலைகளில் வாகனம் ஓட்டுபவர் வேதிச் சோதனைக்குச் சம்மதித்தவராகக் கருதப்படுவார் என்றும், மறுத்தால் உரிமத்தை இழப்பார் என்றும் சட்டம் செய்தது.

அந்தச் சட்டம் ஓராண்டுகூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. 1954இல் ஷட் எதிர் மெக்டஃப் வழக்கை விசாரித்த மாநில நீதிமன்றம், சோதனையை முறையான கைதோடு பிணைக்காததும், உரிமம் இழப்பவர்க்கு விசாரணை வாய்ப்பு அளிக்காததும் அதன் பெருங்குறைகள் என்று கண்டு அதைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் சட்டமன்றம் இரண்டையும் சேர்த்துத் திருத்தியது. இன்று அமெரிக்க மாநிலங்களின் விசாரணை அறைகளில் கேட்கப்படும் கேள்விகளின் எலும்புக்கூடு இந்தத் திருத்தத்திலேயே தென்படுகிறது: போலீஸ் அலுவலர் சந்தேகம் கொள்ளத் தக்க காரணம் இருந்ததா, கைது முறையானதா, ஓட்டுநர் உண்மையிலேயே மறுத்தாரா. ஒரு மாநில அளவிலான தீர்ப்பு என்பதால் வரலாற்று நூல்கள் இதை அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஓட்டுநரின் குரலுக்குச் சட்டத்தின் வாசகத்திலேயே ஓர் இடம் ஒதுக்கப்பட்டதில் இதற்குள்ள பங்கு பெரிது.

நாடு முழுமைக்குமான மாற்றம் வருவதற்கு, சலுகை என்ற கோட்பாடே ஆட்டங்காண வேண்டியிருந்தது. 1964இல் யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சார்லஸ் ரீச் 'புதிய சொத்து' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். நிலமும் வீடும் போல, அரசு வழங்கும் உதவித்தொகை, ஒப்பந்தம், தொழில் அனுமதி, ஓட்டுநர் உரிமம் ஆகியவையும் இக்கால மனிதரின் வாழ்வைத் தாங்கும் சொத்துகளே. ஆகவே சொத்துக்குரிய பாதுகாப்பை அவற்றுக்கும் அளிக்க வேண்டும் என்பது அவரது வாதம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் மாநிலங்கள் பறிக்கலாகாது என்று கூறுகிறது. உரிமம் சொத்தானால் இந்தக் காப்பு தானாகவே அதன் மேல் கவியும். 1970இல் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில், வறியவர்க்கான உதவித்தொகையை நிறுத்துமுன் நேரில் கேட்கும் விசாரணை நடத்த வேண்டும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரீச்சின் எழுத்தை அடிக்குறிப்பில் எடுத்தாண்டது.

அடுத்த ஆண்டில் ஓட்டுநர் உரிமத்தின் முறை வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் கிராமப்புறச் சமூகங்கள் மூன்றுக்குச் சமயப் பணி செய்துவந்த போதகர் பெல் என்பவர், அந்தத் தொலைவுகளைக் காரில் சென்றே கடக்க வேண்டியவர். 1968 நவம்பரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் சைக்கிள் அவர் காரின் பக்கவாட்டில் மோதியது. பெல்லிடம் காப்பீடு இல்லை. சிறுமியின் பெற்றோர் 5,000 டாலர் இழப்பீடு கோரியதும், மாநிலத்தின் நிதிப் பொறுப்புச் சட்டம் இயங்கத் தொடங்கியது: கோரப்பட்ட தொகைக்குப் பிணை கட்ட வேண்டும், அல்லது எதிர்த்தரப்பிடமிருந்து விடுவிப்புக் கடிதம் பெற வேண்டும், இரண்டும் இல்லையேல் உரிமமும் வாகனப் பதிவும் முடங்கும். பெல் நிர்வாக விசாரணை கோரினார், விசாரணையும் கிடைத்தது. ஆனால் மோதலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று காட்டும் சான்றுகளை அவர் முன்வைக்க முற்பட்டபோது, தவறு யாருடையது என்பது இந்த விசாரணைக்குப் பொருளாகாது என்று அவை மறுக்கப்பட்டன. முப்பது நாள் கெடு மட்டும் கொடுக்கப்பட்டது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது தகும். ஜார்ஜியா விசாரணையே நடத்தவில்லை என்று யாரும் குற்றஞ்சாட்ட முடியாது. அறை இருந்தது, அலுவலர் இருந்தார், ஓட்டுநருக்குப் பேசவும் இடம் தரப்பட்டது. அவர் பேச விரும்பிய ஒரே செய்திக்கு மட்டும் அங்கே இடமில்லை. விசாரணை என்ற பெயர் இருப்பதும் விசாரணை நடப்பதும் ஒன்றாகிவிடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்குகள் சிலவே. முதல் மேல்முறையீட்டில் மாவட்ட அளவிலான நீதிமன்றம் பெல்லின் பக்கம் நின்றது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. வழக்கு வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

1971 மே 24 அன்று நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதிய தீர்ப்பு, உரிமம் வழங்கப்பட்ட பிறகு அது ஒருவரது பிழைப்புக்கு இன்றியமையாததாகிவிடக் கூடும் என்றும், அந்நிலையில் அதைச் சலுகை என்று பெயரிட்டு அழைப்பதாலேயே உரிய சட்ட நடைமுறையிலிருந்து அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் கூறியது. பிணை கேட்பதன் நோக்கம், நாளை நீதிமன்றம் இழப்பீடு விதித்தால் அதை வசூலிக்க வழி இருக்க வேண்டும் என்பதே. ஆகவே இழப்பீடு விதிக்கப்படுவதற்கான நியாயமான வாய்ப்பாவது இருக்கிறதா என்று பாராமல் உரிமத்தைப் பறிப்பது பொருளற்றது என்று நீதிமன்றம் கண்டது. முழு வழக்கையும் விசாரணை அறையிலேயே நடத்தி முடிக்க வேண்டும் என்று அது கோரவில்லை. முடிவுக்கு உயிர்நாடியான கேள்வியை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை விசாரிப்பது விசாரணையாகாது என்றது. அந்தக் கேள்வி, உரிமம் பறிபோவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. எட்டே நாள் கழித்து, ஜூன் 1 அன்று, பெரெஸ் எதிர் கேம்ப்பெல் வழக்கில், திவால் சட்டத்தின்கீழ் கடனிலிருந்து விடுபட்டவரின் உரிமத்தை அதே கடனுக்காக அரிசோனா மாநிலம் முடக்கி வைத்ததையும் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

பெல் தீர்ப்பு திறந்த கதவு அகலமாகத் திறந்தே நிற்கவில்லை. 1976இல் மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில் நீதிமன்றம் ஒரு தராசை வடிவமைத்தது: தனிமனிதர் இழக்கக்கூடியது எவ்வளவு, இப்போதுள்ள நடைமுறையில் தவறு நேர வாய்ப்பு எவ்வளவு, கூடுதல் காப்பு அதை எவ்வளவு குறைக்கும், அதனால் அரசுக்கு ஏற்படும் சுமை எவ்வளவு என்பவை அதில் நிறுக்கப்பட்டன. மறு ஆண்டே இந்தத் தராசில் ஓட்டுநர் உரிமம் ஏறியது. சாலைக் குற்றங்களுக்குப் புள்ளியிட்டுக் கூட்டி, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் உரிமத்தைப் பறிக்கும் இல்லினாய் மாநில முறையை, பலமுறை தண்டனை பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் எதிர்த்தார். ஒவ்வொரு குற்றத்துக்கும் அவர் ஏற்கெனவே நீதிமன்றத்தில் வாதாடும் வாய்ப்பைப் பெற்றவர். எஞ்சியிருப்பது கூட்டல் கணக்கு மட்டுமே. கணக்கைச் சரிபார்க்க முன்கூட்டிய விசாரணை வேண்டியதில்லை, பின்னர் நடத்தினால் போதும் என்று டிக்சன் எதிர் லவ் தீர்ப்பு முடிவு செய்தது. கணக்கைப் பொறுத்தவரை இந்த வாதம் சரியானதே. ஆனால் பிழைப்பை இழக்கும் அளவை எடைபோட்டபோது, உதவித்தொகையைவிட உரிமம் இலேசானது என்று நீதிமன்றம் கருதியது. சக்கரத்தில் ஓடும் வாழ்க்கையுள்ளவர்க்கு அந்த மதிப்பீடு கொடியது.

1979இல் வந்த மேக்கி எதிர் மான்ட்ரிம் தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. மாசசூசெட்ஸில் அப்போது மூச்சுச் சோதனையை மறுப்பவரின் உரிமம் 90 நாள் முடங்கியது. கைது செய்த போலீஸ்காரர் பிரமாண வாக்குமூலமாக எழுதும் அறிக்கையும், மறுப்பை நேரில் கண்ட மூன்றாமவர் ஒருவரின் ஒப்பமும் கிடைத்துவிட்டால், பதிவாளர் முடக்கியே ஆக வேண்டியிருந்தது. ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்த அதே நாளில் அலுவலகத்துக்குச் சென்று விசாரணை கோர முடிந்தது. மான்ட்ரிமின் வழக்கிலோ நடந்தது பற்றியே தகராறு இருந்தது. தம் வழக்கறிஞரோடு பேசிய பின் சோதனைக்கு இசைந்ததாகவும், போலீஸார்தாம் ஏற்க மறுத்ததாகவும் அவர் கூறினார். ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம், சாலைப் பாதுகாப்பின் அவசரமும் போலீஸ் அறிக்கையின் நம்பகத்தன்மையும் உடனடி முடக்கத்துக்குப் போதுமானவை என்று கொண்டது. பார்த்தவர் ஒருவர், பார்க்கப்பட்டவர் ஒருவர் என்று இருவர் கூற்றும் மோதும் வழக்கில், ஒருவருடைய காகிதத்தை மட்டும் வைத்து முதலில் தண்டிப்பது கூட்டல் கணக்கைப் போன்றதன்று என்ற மாறுபட்ட நால்வரின் கருத்தே, இன்று படிக்கும்போதும் வலுவானதாகத் தோன்றுகிறது. ஆயினும் வரலாறு பெரும்பான்மையின் வழியில் சென்றது.

அந்த வழியில் முன்கூட்டியே நடைபோட்டிருந்தது மினசோட்டா மாநிலம். அதுவரை சோதனையை மறுத்தவரே நிர்வாக வழியில் உரிமத்தை இழந்தார். சோதனையில் சிக்கியவர் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட பிறகே இழந்தார். வரம்புக்கு மேல் ஆல்கஹால் இருந்ததாகக் கருவி காட்டினாலே, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல் துறையே உரிமத்தைப் பறிக்கலாம் என்ற சட்டத்தை 1976இல் மினசோட்டா முதன்முதலில் கொண்டுவந்தது. குடிபோதை ஓட்டுநர்களால் பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் அமைப்பு 1980இல் கலிபோர்னியாவில் தோன்றி நாடெங்கும் பரவியதும், உரிமத்தை விரைவாக முடக்கும் மாநிலங்களுக்கு ஊக்க நிதி தருவதாக 1982இல் மத்திய அரசு அறிவித்ததும் சேர்ந்து, இந்த முறையைப் பெரும்பாலான மாநிலங்களுக்குக் கொண்டு சென்றன. அந்தத் தாய்மார்களின் துயரம் மெய்யானது. குற்றவியல் வழக்குகள் மாதக்கணக்கில் இழுபட்டு, இறுதியில் சிறு குற்றமாகச் சுருங்கிய அன்றைய நிலையும் மெய்யானது. விரைவு வேண்டும் என்ற கோரிக்கையில் பழுதில்லை. விரைவுக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்பது, சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பின்னரே தெரிந்தது.

கலிபோர்னியாவில் 1990 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கைது செய்யும் அலுவலர் ஓட்டுநரின் உரிமத்தை அந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டு, முப்பது நாள் செல்லத்தக்க தற்காலிக உரிமமாகவும் முடக்க அறிவிப்பாகவும் ஒருசேரப் பயன்படும் தாளைக் கொடுக்கிறார். அறிவிப்புக் கிடைத்த பத்து நாளுக்குள் மோட்டார் வாகனத் துறையிடம் விசாரணை கோர வேண்டும். உரிய காலத்தில் கோரியும் முப்பது நாளுக்குள் துறையால் விசாரணை நடத்த இயலாவிட்டால், முடக்கம் அதுவரை நிறுத்திவைக்கப்படும். கெடு தவறினால் முடக்கம் பெரும்பாலும் எதிர்ப்பின்றியே நிலைத்துவிடுகிறது. கைதான மறுநாள் முதல் வழக்கறிஞரைத் தேடி, நீதிமன்ற நாளை எண்ணி அஞ்சிக்கொண்டிருப்பவர், அதைவிட முன்னதாக முடிந்துவிடும் இந்தப் பத்து நாளைக் கவனிக்கத் தவறுவது இயல்பு. அரசு செலவில் வழக்கறிஞரை நியமிக்கும் ஏற்பாடு குற்றவியல் வழக்குக்கு உண்டு. இந்த விசாரணைக்கு இல்லை.

விசாரணையில் ஆராயப்படுபவை மிகச் சில. வரம்பு மீறிய வழக்கானால், ஓட்டுநர் மீது சந்தேகம் கொள்ளத் தக்க காரணம் இருந்ததா, கைது முறையானதா, ஓட்டியபோது ஆல்கஹால் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்ததா என்ற மூன்று கேள்விகள். மறுப்பு வழக்கானால், மறுத்தால் உரிமம் போகும் என்று எச்சரிக்கப்பட்டாரா, எச்சரித்த பின்னும் மறுத்தாரா என்பவை சேரும். மெய்ப்பிக்கும் சுமை துறையுடையது. எனினும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டிய குற்றவியல் அளவுகோல் இங்கு கிடையாது, எந்தப் பக்கம் சான்று சற்றே கனக்கிறதோ அந்தப் பக்கம் போதும். துறையின் முதன்மைச் சான்று போலீஸ்காரரின் பிரமாண அறிக்கை. அதில் விடுபட்டதைப் பிரமாணமற்ற கைது அறிக்கையைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று 1997இல் லேக் எதிர் ரீட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்ததால், பல விசாரணைகளில் எழுதியவர் நேரில் வராமலே காகிதம் சாட்சி சொல்லிவிடுகிறது. அவரைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்பும் ஓட்டுநர் தாமே அழைப்பாணை அனுப்ப வேண்டும். ஆகவே எதிர்வாதத்தின் கலை நுணுக்கங்களில் குடிகொண்டது: ஊதுவதற்கு முன் பதினைந்து நிமிடம் ஓட்டுநரைத் தொடர்ந்து கவனித்தார்களா, கருவியின் துல்லியம் உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்டதா, ஓட்டிய நேரத்துக்கும் ஊதிய நேரத்துக்கும் இடையே இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருந்ததா. வெளிப்பார்வைக்கு இவை தப்பிக்கும் தந்திரங்களாகத் தோன்றலாம். ஒரு கருவி காட்டும் எண்ணே தீர்ப்பாகிவிடும் ஏற்பாட்டில், அந்த எண்ணை நம்பலாமா என்று கேட்பதைத் தவிர வேறு தற்காப்பு எஞ்சுவதில்லை.

ஒரே இரவின் நிகழ்ச்சி இவ்வாறு இரண்டு தடங்களில் ஓடத் தொடங்கியதும் புதிய குழப்பங்கள் எழுந்தன. ஒரு குற்றத்துக்கு இரு தண்டனையா என்ற வாதம் 1990களில் மாநிலந்தோறும் எழுப்பப்பட்டு, உரிமம் பறிப்பது தண்டனை அன்று, சாலையைக் காக்கும் நடவடிக்கை என்ற விடையோடு பெரும்பாலும் ஓய்ந்தது. கைது முறையற்றது என்று குற்றவியல் நீதிமன்றம் கண்டு வழக்கைக் கைவிட்டாலும், துறை அதே கைதைச் செல்லும் என்று கொண்டு உரிமத்தை முடக்கலாம் என்று 1993இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் கீகாஸ் எதிர் ஜோலின் வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டிலிருந்து முழுமையாக விடுதலை பெற்றவர்க்கு மட்டும் உரிமத்தைத் திருப்பித் தர அந்த மாநிலச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. 1983இல் பெர்லிங்கியேரி வழக்கில் அதே நீதிமன்றம், உரிமம் இன்றைய வாழ்வில் அடிப்படையான உரிமை என்று கூறி, துறையின் முடிவை மறு ஆய்வு செய்யும் நீதிபதி துறையின் மதிப்பீட்டை அப்படியே ஏற்காமல் சான்றுகளைத் தாமே எடைபோட வேண்டும் என்று வகுத்தது.

உரிமம் முடக்கும் அதிகாரம் இதற்கிடையே சாலையை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றது. குழந்தைப் பராமரிப்புத் தொகையைச் செலுத்தாதவர்களின் உரிமத்தை முடக்கும் சட்டங்களை மாநிலங்கள் வைத்திருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விதித்தது. நீதிமன்ற அபராதம் கட்டாதவர்களின் உரிமம் முடங்குவது பல மாநிலங்களில் வழக்கமாயிற்று. கட்ட வசதி இருந்தும் கட்டவில்லையா, வசதியே இல்லையா என்று கேட்காமல் முடக்கும் இடங்களில், பெல்லின் விசாரணை அறை மீண்டும் உயிர்பெற்றது என்றே சொல்ல வேண்டும். கலிபோர்னியா 2017இலும் வர்ஜீனியா 2020இலும் அபராத நிலுவைக்காக உரிமத்தை முடக்குவதைக் கைவிட்டன.

இனி இரண்டாவது கேள்வி. விசாரணை அலுவலர் துறையின் ஊழியர். கலிபோர்னியாவில் அவர் வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ பயின்றிருக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. துறையின் சார்பில் ஆவணங்களை முன்வைத்ததும், சாட்சியைக் கேள்வி கேட்டதும், ஓட்டுநரின் ஆட்சேபங்களுக்கு மறுப்புக் கூறியதும், பிறகு அந்த ஆட்சேபங்களின் மேல் முடிவு சொன்னதும், இறுதியில் தீர்ப்பு எழுதியதும் அவர் ஒருவரே. புலனாய்வையும் தீர்ப்பையும் ஒரே அமைப்பு செய்வது தன்னளவில் தவறாகாது என்று 1975இல் விஸ்கான்சின் மருத்துவ வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அந்தக் குடையின் கீழ் மேற்படி வழக்கம் பல்லாண்டு நிழல் பெற்றது. அலுவலர் எந்தத் தீய நோக்கமும் இல்லாதவராக இருக்கலாம், பலர் அப்படியே இருந்திருப்பர். ஆனால் தாமே கட்டிய வாதத்தைத் தாமே எடைபோடும் நிலையில் வைக்கப்பட்ட மனிதரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது, அவருக்கும் இழைக்கப்படும் அநீதி.

குடிபோதை வழக்குகளில் வாதாடும் கலிபோர்னிய வழக்கறிஞர்களின் சங்கம் இந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், துறையின் மேலாளர்கள் விசாரணைக்கு வெளியே இருந்துகொண்டு அலுவலரின் முடிவுகளை மாற்ற வழியிருந்ததும் வெளிவந்தது. அந்தத் தலையீடு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. இரட்டை வேடத்தைப் பற்றிய தீர்ப்பு 2022இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தது. துறை தன் ஊழியரைக் கொண்டே விசாரணை நடத்தலாம், தன் தரப்பை எடுத்துரைக்கவும் தன் ஊழியரையே அனுப்பலாம். ஆனால் வாதாடுபவரும் முடிவு சொல்பவரும் ஒரே ஆளாக இருப்பதை உரிய சட்ட நடைமுறை ஏற்காது என்று அது கூறியது. போதகர் பெல் தம் சான்றுகளோடு ஜார்ஜியா அலுவலகத்துக்குச் சென்ற காலத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, கலிபோர்னிய ஓட்டுநருக்கு எதிரே ஒருவர் அமர்ந்திருந்த மேசையில் இருவர் அமர வேண்டும் என்பது சட்டமாயிற்று.